வெள்ளக்கடையில் ஒரு பாறைக்கு நான் ‘பாஸ்’ போட்ட கதை

கரூரில் ஒரு மேசைவிரிப்பு ஏற்றுமதி கம்பெனியில் பத்தொன்பது வருடமாகத் துணி செக்கிங் பார்க்கிறேன். விளக்கு மேசைமேல் துணி ஓடும், நான் பார்ப்பேன், பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று ஸ்டிக்கர் ஒட்டுவேன். அவ்வளவுதான் என் படிப்பும் பதவியும். துணியில் தப்பான மடிப்பு விழுந்திருந்தால் எனக்கு ஆகாது. பாறையில் மடிப்பு விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டாலோ லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவேன். வீட்டில் இதைப் பைத்தியம் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

சென்ற நவம்பரில் ஒரு சனிக்கிழமை ஏற்காட்டுக்குப் போனது இந்தப் பைத்தியத்தால்தான். மலை உருவாகும்போது பாறை அடுக்குகள் எப்படி மடிகின்றன, எப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன என்று இரண்டு மாதமாக வீடியோ வீடியோவாகப் பார்த்துக் குழம்பிப் போயிருந்தேன். கல் என்றால் உடைய வேண்டும், அது எப்படி மடியும்? ஆழத்தில், நல்ல சூட்டில், நாலாபுறமும் அழுத்தம் இருக்க, லட்சக்கணக்கான வருடம் மெதுவாகத் தள்ளினால் கல்லும் மடியுமாம். மேலே குளிர்ந்த இடத்தில் அதே தள்ளு விழுந்தால் பாளமாக உடைந்து, ஒரு பாளம் இன்னொன்றின் முதுகில் ஏறிக்கொள்ளுமாம். சேர்வராயன் மலையின் பாறைகள் ஆழத்தில் மடிந்தவை, மேலே இருந்ததெல்லாம் கரைந்து போனபிறகு வெளியே தெரிகின்றன என்றும் படித்தேன். அப்படியானால் அந்த மடிப்புக்கும் இன்றைய மலையின் உயரத்துக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு இன்றுவரை தெளிவாகப் புரியவில்லை. புரியாமல்தான் போனேன். இன்னும் புரியாமல் வந்தேன்.

கரூரில் காலை 4.40க்கு பஸ். டிக்கெட் தொண்ணூறு ரூபாய். சேலம் 7.15. பஸ் ஸ்டாண்டில் இரண்டு இட்லி, ஒரு காபி, நாற்பது ரூபாய். 7.40க்கு ஏற்காடு பஸ். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு, ஒரு மணி ஐந்து நிமிடம். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். வளைவுகளில் வெட்டிய பாறை முகத்துக்கு நேரே வரும். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் ஏழாவது வளைவிலேயே என் மடியில் வாந்தி எடுக்கப் பார்த்ததால் நான் பாதி மலையைப் பார்க்கவில்லை. ஏற்காட்டிலிருந்து வெள்ளக்கடைப் பக்கம் ஷேர் ஆட்டோ, ஐம்பது ரூபாய். எஸ்டேட் பாதை பிரியும் இடத்தில் 9.30க்கு இறங்கினேன். அங்கே நின்றிருந்த எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரிடம் உள்ளே நடக்கலாமா என்று கேட்டதற்கு, “காப்பிச் செடிய மட்டும் மிதிச்சிராதீங்க” என்று விட்டுவிட்டார்.

பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கால்மணி நேரம் நடந்ததும் பாதையோரத்தில் ஒரு பெரிய பாறை. ஐயோ, என்ன அழகு! கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக, ஜமுக்காளம் போல. பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். தையல் பிரிவில் ஒடிந்த ஊசி முனை துணிக்குள் போய்விட்டால் தேடி எடுப்பதற்கானது. அதை எடுத்துக் கறுப்புப் பட்டைமேல் வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. இரும்புத்தாதுப் பட்டை! குதித்தேன். யாரும் பார்க்கவில்லை என்பது நிம்மதி.

இரண்டு விரல் தடிமனில் ஒரு கறுப்புப் பட்டை, அதன் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு. இந்தப் பட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து வரும் எல்லாக் கூத்துக்கும் இதுதான் காரணம். பட்டைகள் எல்லாம் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. எந்தத் திசை என்று குறித்துக்கொள்ள போனில் திசைகாட்டியைத் திறந்து பாறைமேல் வைத்தேன். கிழக்கு என்றது. ஒரு அடி தள்ளி வைத்தேன். தெற்கு. இன்னொரு அடி. வடமேற்கு! போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு தட்டு தட்டினேன். மறுபடி கிழக்கு என்றது. சரி, கிழக்கு என்றே நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒட்டிக்கொண்ட காந்தம் ஒரு கையில், அதே பாறைமேல் வைத்த திசைகாட்டி மறு கையில். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். பனி ஒரு நொடி விலகியபோது ஒரு போட்டோ எடுத்தேன், உடனே மூடிக்கொண்டது.

பாதை வளைந்து வளைந்து இறங்கியது. நூறு அடிக்கு ஒருமுறை போனைப் பார்த்தேன், அது ஒவ்வொரு முறையும் ஒரு திசை சொன்னது. இருபத்தைந்து நிமிடம் நடந்து ஒரு வீட்டு வாசலில் போய் நின்றபோது மலையின் வேறொரு பக்கத்துக்கே வந்துவிட்டதாக நினைத்தேன். முன்கூரையில் நீலத் தார்ப்பாய் போர்த்திய வீடு. பின்னால் புதிதாகக் கட்டிய கான்கிரீட் அறை. அந்த அறைக்குப் பின்னால், பத்து அடி இடைவெளியில், நெடுக்காக ஒரு பாறைச் சுவர். அதிலும் கறுப்பு வெள்ளைப் பட்டை.

வாசலில் காப்பிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். தொப்பி, நோட்டுப் புத்தகம், காந்தம். என் கோலம் அப்படி.

“ஏனுங்க, மண்ணு பாறையெல்லாம் பாக்கற ஆபீஸ்லீங்களா?”

“இல்லைங்க, சும்மா பார்க்க வந்தேன்.”

“பாறையப் பத்திப் படிச்சவங்களா?”

“கொஞ்சம் படிச்சிருக்கேன்” என்றேன். இந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு பெரிய பொய் என்று அப்போது தெரியவில்லை.

அவர் பெயர் சின்னப்பொண்ணு. காப்பி, மிளகு, கொஞ்சம் ஆரஞ்சு வைத்திருக்கிறார். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பேத்தி பிறந்து இருபத்திரண்டு நாள். முன் அறைக் கூரை ஒழுகுகிறது, தார்ப்பாய் போட்டும் சுவர் ஈரம். குழந்தைக்குச் சளி. பின் அறை புதுசு, ஒரு சொட்டு ஒழுகாது. ஆனால் போன வருட மழையில் மேலேயிருந்து குடம் அளவு ஒரு கல் அந்த அறைச் சுவரருகே வந்து விழுந்ததாம். அதிலிருந்து அங்கே யாரையும் படுக்கவிடவில்லை.

“புள்ளைய உள்ள போட்டா சளியாவது நிக்குமுங்க. ஆனா அந்தப் பாறைய நெனச்சா பயமாருக்குது. எறங்குமுங்களா? நீங்க பாத்துச் சொல்லுங்க.”

பாறைச் சுவரைப் போய்ப் பார்த்தேன், ஒரு போட்டோ எடுத்தேன். தட்டினேன். கணீரென்றது. பட்டைகள் எல்லாம் மலைக்குள் சாய்ந்திருந்தன, வீட்டைப் பார்த்து இல்லை. நான் பார்த்த வீடியோ ஒன்றில் இதை நன்றாக விளக்கியிருந்தார்கள். அடுக்கு வீட்டை நோக்கிச் சரிந்திருந்தால் மழைத் தண்ணீர் இடுக்கில் புகுந்து பாளம் வழுக்கிக்கொண்டு வரும். மலைக்குள் சாய்ந்திருந்தால் அவ்வளவு சுலபமாக வழுக்காது. படித்தது கண்ணெதிரே இருக்கிறதே என்ற பூரிப்பு எனக்கு.

“பயப்படாதீங்க அக்கா. அடுக்கு மலைப்பக்கம்தான் சாஞ்சிருக்கு. இது வழுக்காது.”

அந்த அம்மாள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! உள்ளே திரும்பி, “கண்ணு, கேட்டியா? ஒண்ணும் ஆகாதாமா!” என்று மகளுக்குக் குரல் கொடுத்தார். எனக்குக் கறுப்புக் காப்பியும் நான்கு ஆரஞ்சும் கொடுத்தார். ஒரு துணி ரோலுக்கு பாஸ் ஸ்டிக்கர் ஒட்டிய திருப்தியோடு கிளம்பினேன். அது என்ன திருப்தி, வெட்கக்கேடு.

மேலே ஏறி ரோட்டுக்கு வந்து, ஆட்டோ பிடித்து, ஏற்காடு பஜாரில் ஜமால் பாய் கடைக்குள் நுழைந்தபோது மணி 1.10. சிறிய கடை. இரண்டு பரோட்டா, குருமா, டீ எல்லாம் சேர்த்து எண்பது ரூபாய். குருமா காரம், பழக்கமில்லாதவர்கள் கொஞ்சமாக ஊற்றச் சொல்லிச் சாப்பிடுங்கள். கூட்டம் இல்லாததால் பாய் எதிரில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, போட்டோக்களைக் காட்டினேன். ஒன்று எஸ்டேட் பாதைப் பாறை, இன்னொன்று வீட்டுப் பின்னால் இருக்கும் பாறை.

“இது கெழக்குப் பக்கம் பார்த்த பாறைங்க. இது வேற பக்கம், ஒரு வீட்டுக்குப் பின்னால.”

பாய் முதல் படத்தின் மூலையை விரலால் பெரிதாக்கினார். பனிக்கு நடுவே கீழே ஒரு நீலத் துண்டு தெரிந்தது.

“வேற பக்கமா? இது சின்னப்பொண்ணு ஊட்டுக் கூரைங்களே. அந்தத் தார்ப்பாயே நான் குடுத்ததுங்க, அவங்க மெளகு நம்ம கடைக்குத்தான் வருது. இந்தப் பாறை அந்த ஊட்டுக்கு நேர் மேலதானுங்க இருக்குது.”

“இல்லைங்க பாய், போன் கெழக்குன்னு காட்டிச்சு.”

“அந்தக் கல்லுல இரும்பு இருக்குதுங்க. அங்க எந்த போன் ஒழுங்கா காட்டுச்சு!” என்று சிரித்தார். பிறகு இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, ரெண்டுலயும் ஒரே கறுப்புப் பட்டைதான? நடுவுல வெள்ளைக் கோடு. ஒண்ணு உள்ள சாயுது, ஒண்ணு வெளிய சாயுது. அதென்னங்க அப்படி?” என்றார்.

பிய்த்த பரோட்டாவைத் தட்டிலேயே வைத்தேன்.

ஒரே பட்டை இரண்டு இடத்தில் வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம் என்று படித்திருந்தேன். பாளம் உடைந்து மேலே ஏறியிருந்தால் இரண்டு இடத்திலும் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். மடிந்திருந்தால் எதிரெதிராகச் சாயும். இது எதிரெதிர். என் துப்பட்டாவை எடுத்து மேசைமேல் இரு கையாலும் தள்ளிப் பார்த்தேன். மேடு வந்தது. மாற்றிப் பிடித்தேன், குழி வந்தது. குழியின் கீழ்ப்பக்க ஓரம் மலைக்குள் சாய்கிறது. அதுதான் வீட்டுக்குப் பின்னால் நான் தட்டிப் பார்த்தது. மேல்பக்க ஓரம்? அது வீட்டைப் பார்த்துச் சரிகிறது. போன வருடம் குடம் அளவு கல் எங்கேயிருந்து வந்தது? மேலேயிருந்து. அவர் சொன்னாரே, மேலேயிருந்து என்று. காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

ஒரு ரோலின் வெளிச்சுற்றை மட்டும் பார்த்துவிட்டு பாஸ் போட்டால் எங்கள் கம்பெனியில் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நாற்பது மீட்டரையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். புதிதாக வரும் பெண்களுக்கு நான்தான் அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த நான், ஒரு பச்சைக் குழந்தை படுக்கப்போகும் இடத்துக்கு, ஒரு முனையைப் பார்த்துவிட்டு பாஸ் போட்டிருக்கிறேன்.

என் கணக்கு சரிதானா என்றும் தெரியவில்லை. அது குழியா, மேடா, நடுவில் இன்னும் எத்தனை மடிப்போ? மேல் பாறை கெட்டியாக உட்கார்ந்திருக்கிறதா, பிளந்திருக்கிறதா? எதுவுமே தெரியாது. தெரியாது என்பது மட்டும்தான் தெரிந்தது. வெளியே சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

“பாய், அவங்க போன் நம்பர் இருக்குங்களா?”

மூன்று முறை அடித்தார். மழை நேரத்தில் அங்கே டவர் கிடைப்பதில்லையாம். அந்த வீட்டில் நான் சொல்லிவிட்டு வந்ததை பாயிடம் சொன்னேன். கடையை மச்சினனிடம் ஒப்படைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். மழைக்கோட்டை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் ஒரு உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். 1.50க்குக் கிளம்பினோம். வழியெல்லாம் செம்மண் தண்ணீர் ரோட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. எதற்கும் பெரிதாகக் கும்பிடாதவள், அன்றைக்கு மனசுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். போய்ச் சேர்ந்தபோது 2.35.

சின்னப்பொண்ணு சிரித்துக்கொண்டே வந்தார். “வாங்க வாங்க, எதையாச்சும் மறந்துட்டுப் போயிட்டீங்களா?”

“பாப்பா எங்கக்கா?”

“நீங்க சொன்னதும் உள்ளதானுங்க போட்டோம். நொம்ப நாளைக்கப்புறம் இப்பத்தான் நல்லாத் தூங்குது.”

பின் அறையில், பாறையை ஒட்டிய சுவரோரம், சேலைத் தொட்டில். மகள் பக்கத்தில் கோரைப்பாய் விரித்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டில் நடுவில் தொய்ந்து, இரண்டு பக்கமும் மேலே ஏறி, அப்படியே என் துப்பட்டாவில் விழுந்த குழி.

“அக்கா, காலையில நான் சொன்னது தப்பு” என்றேன். தொட்டிலைக் காட்டியே சொன்னேன். “பாறை உள்ளுக்குள்ள இப்படி மடிஞ்சிருக்கும்போல. நான் இந்தக் கீழ்ப்பக்கத்த மட்டும் பார்த்துட்டுச் சொல்லிட்டேன். மேல அந்தப் பக்கம் ஊட்டப் பார்த்துச் சாஞ்சிருக்கு. அது எறங்குமா எறங்காதான்னு எனக்குத் தெரியாது. நான் ஆபீசரும் இல்லை, பாறை படிச்சவளும் இல்லை. கரூர்ல துணி பார்க்கிறவ.”

அவர் வாசலில் நின்ற ஜமால் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்சுவரைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடத்தை நான் மறக்கமாட்டேன். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

“தெரியாதுன்னு காலையிலயே சொல்லியிருக்கலாமுங்களே” என்றார். குரல் உயரவே இல்லை. “தெரியாதுன்னா நாங்க எப்பவும்போல முன்னாடியே படுத்திருப்போம்.”

பிறகு குழந்தையை எடுத்து மகள் கையில் கொடுத்துவிட்டுத் தொட்டில் முடிச்சை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, நானும் கைகொடுத்தேன். பாய் கூரைமேல் ஏறித் தார்ப்பாயை இழுத்து மடித்து, ஒழுகும் இடத்தில் இரட்டையாகப் போட்டார். அவரிடம் இருந்த உரச்சாக்கையும் அதன்மேல் வைத்துக் கல் பாரம் வைத்தார். முன் அறையில் ஈரமில்லாத மூலையாகப் பார்த்துத் தொட்டிலைக் கட்டினோம். குழந்தை ஒருமுறை இருமியது. அந்த இருமலுக்கும் நான்தான் காரணம் என்று எல்லோரும் நினைப்பதுபோல் இருந்தது. உண்மையில் யாரும் அப்படி நினைக்கவில்லையோ என்னவோ, எனக்கு அப்படிப் பட்டது. கிளம்பும்போது சின்னப்பொண்ணு என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்று கேட்க தைரியம் வரவில்லை.

பெட்ரோலுக்கு இருநூறு நீட்டினேன். பாய் வாங்கவில்லை. “திரும்பி வந்தீங்கல்ல, போதுமுங்க” என்றார். ஏற்காட்டில் 4.30 பஸ், சேலத்தில் 6 மணி பஸ், வீடு வந்தபோது 8.45. கணவரும் மாமியாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மடிப்பு பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கறுப்புப் பட்டைப் பாறை உள்ள இடங்களில் போன் திசைகாட்டியை நம்பாதீர்கள். பாதையையும் சூரியனையும் வைத்துத் திசை பாருங்கள். சூரியன் தெரியாவிட்டால் உள்ளூர்க்காரர்களைக் கேளுங்கள், வீட்டுக் கூரையை வைத்தே சொல்லிவிடுவார்கள். ஒரு பட்டையைக் கண்டால் ஓரிடத்தில் பார்த்துவிட்டு நிற்காதீர்கள், மேலும் கீழும் நடந்து அது எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். திரும்பும் இடத்தைப் பார்க்காதவரை நீங்கள் மடிப்பைப் பார்க்கவில்லை. நவம்பர், டிசம்பரில் மழைக்கோட்டு கட்டாயம். எஸ்டேட் பாதையில் நடக்க அனுமதி கேளுங்கள். பாறையை உடைக்காதீர்கள். தொப்பி போட்டுக்கொண்டு நோட்டோடு போனால் ஆபீசர் என்று நினைப்பார்கள், வாயைத் திறக்குமுன் இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஒரு நாள் செலவு, எனக்கு மொத்தம் ஐந்நூற்றுச் சொச்சம் ஆனது.

பாறை இதுவரை இறங்கவில்லை. அதனால் நான் காலையில் சொன்னது சரி என்றும் ஆகாது, மத்தியானம் சொன்னது தப்பு என்றும் ஆகாது. சின்னப்பொண்ணு குடும்பத்தார் பாறையை வந்து பார்க்கச் சொல்லி தாலுகா ஆபீசில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் எடுத்த இரண்டு போட்டோவையும் பிரிண்ட் போட்டு அதோடு வைக்கச் சொல்லி அனுப்பினேன், இந்த முறை என் கருத்து எதையும் எழுதாமல். தெரிந்தவர் யாராவது வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

போன வாரம் கரூரில் நல்ல மழை. செக்கிங் மேசையில் துணி ஓடிக்கொண்டிருக்கிறது, என் கண் அதில் இல்லை. ஏற்காட்டில் என்ன நிலவரமோ என்று போனை எடுத்து எடுத்து வைத்தேன். கூப்பிட்டால் என்ன கேட்பது? அப்போது அதுவாகவே அடித்தது. சின்னப்பொண்ணு.

“இங்க நல்ல மழைங்க. டிவில கரூர்லயும் மழைன்னாங்க. நீங்க ஏதாச்சும் நெனச்சுக்கிட்டு இருப்பீங்கன்னுதான் கூப்பிட்டேன். பாப்பா முன்னாடிதான் தூங்குது. நீங்க வேலையப் பாருங்க கண்ணு.”